சக்குபந்தியும் ஊர்ப்பெயரும்

பத்திரம் எழுதிப் பிழைப்பவனுக்கு ஊர்ப்பெயர் ஆராய்ச்சிப் பொருளாக முதலில் எதிர்ப்படுவதில்லை. ஜில்லா, தாலுக்கா, சப்-டிஸ்திரிக்டு, கிராமம், மஜரா என்று கிரமமாக எழுதிக்கொண்டு போகும் வாசகத்தில் பிழையின்றி நிரப்பவேண்டிய ஓர் இடமாகவே அது வந்து சேர்கிறது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறிக்குழியில் கால் நிலைக்காமல், கையெழுத்து ஓரளவு நன்றாக இருந்த ஒரே காரணத்தினால் ஆரணியில் ஒரு முதிய பத்திர எழுத்தரிடம் நகல் எடுக்கும் பிள்ளையாகச் சேர்ந்தவன் நான். விற்பவன் பெயரில் எழுத்துப் பிசகினால் ஆள் நேரில் வந்து நான்தான் என்று சொல்லிவிடுவான், ஊர் அப்படி எழுந்து வந்து சாட்சி சொல்லாது என்பது அவர் எனக்குக் கற்பித்த முதற்பாடம்.

அந்த முகப்பு வாசகமே ஒரு சிறு சரித்திரம். என் ஆசான் காலத்துப் பழைய பத்திரங்களில் சென்னை ராஜ்யம் என்றிருந்தது, 1969 ஜனவரி 14-க்குப் பின் தமிழ்நாடு என்றாயிற்று. வட ஆற்காடு மாவட்டம் என்று கை பழகியிருந்த எங்களுக்கு 1989-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று நீட்டி எழுத நேர்ந்தது. 1997-இல் மாவட்டப் பெயர்களிலிருந்து ஆட்பெயர்கள் யாவும் நீக்கப்பட்டபொழுது சம்புவராயரும் நீங்கினார். இப்பக்கத்தை ஒரு காலத்தில் ஆண்ட வம்சத்தின் பெயர், பல நூற்றாண்டுகளுக்குப் பின் அரசாங்கக் காகிதத்தில் ஏறி, ஒரு பத்தாண்டும் நிறையாமல் இறங்கிப்போனதைச் சொந்தக் கையாலேயே எழுதிப் பார்த்தவனுக்கு, பெயர் என்பது நிலத்தோடு பிறந்து நிலத்தோடு கிடப்பது என்ற எண்ணம் எளிதில் உண்டாகாது. அது யாரோ ஒருவர் வைப்பது, வேறொருவர் எழுதுவது, ஊரார் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொள்வது.

முகப்பைவிட எனக்கு ருசி தந்தது பத்திரத்தின் அடிப்பகுதியில் வரும் சொத்து விவரம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொத்தை ஐயமின்றி இனங்காணத்தக்க வருணனை வேண்டுமென்கிறது. பரப்பளவும் எல்லையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எல்லையே மேம்படும் என்பது நியாயஸ்தலங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட நெறி. ஆகையினாலே நான்கெல்லையைச் சொல்லும் சக்குபந்தி எங்கள் தொழிலில் உயிர்நிலை. சக்குபந்தி என்ற சொல்லும், கஸ்பா, மஜரா, ஜாகீர் முதலிய அதன் கூட்டாளிகளும் நவாபு காலத்துக் கச்சேரிகளிலிருந்து வந்து எங்கள் தமிழில் குடியேறியவை. ஆனால் அச்சொல்லுக்குக் கீழே வருபவையோ, ‘ஆலமரத்துக் கழனிக்கு வடக்கு, வண்ணான் துறைக்குப் போகும் வண்டிப்பாட்டைக்குக் கிழக்கு, நடுமதகு வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று மண்ணிலிருந்து நேரே முளைத்தவை. ஆலமரம் போய்விட்டிருக்கும், வண்ணான் துறையில் தண்ணீரே இராது. பெயர் மட்டும் ஒரு பத்திரத்திலிருந்து மறு பத்திரத்துக்கு நகலாகி நகலாகி வந்துகொண்டிருக்கும்.

விற்பனைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் தாய்ப்பத்திரக் கட்டுகளைப் பிரித்து வில்லங்கம் பார்ப்பதற்காகப் படிக்கும்போது, ஒரே ஊரின் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருப்பது கண்ணில் படலாயிற்று. அவ்வாறு மாறிய வடிவங்களைக் காலக்கிரமமாக ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் பொழுதுபோக்காகத் தொடங்கி, பிறகு விடாத வியாதியாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 1923-இல் ஊர்ப்பெயர்க் கழகம் ஒன்றைத் தொடங்கி ஜில்லாவுக்கு ஜில்லா இதையே செய்துவருகிறார்கள் என்பதையும், பழைய எழுத்து வடிவங்களை ஆண்டு வரிசைப்படி அடுக்கிவிட்டுத்தான் பொருள் சொல்லத் துணிவது அவர்கள் நியதி என்பதையும் வெகுகாலத்துக்குப் பின்பே அறிந்துகொண்டேன். நம் நாட்டில் ரா.பி. சேதுப்பிள்ளை 1946-இல் வெளியிட்ட ஊரும் பேரும் என்ற நூல் படித்தவர்களுக்கெல்லாம் இந்த ஆசையை மூட்டியது, கி. நாச்சிமுத்து முதலானோர் பின்னர் அதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார்கள். சேதுப்பிள்ளையின் நடையழகில் மயங்கியவர்கள் பலர் அவருடைய வாக்கியங்களை மனப்பாடம் செய்தார்களேயன்றி அவர் சாசனங்களைத் துருவிய சிரமத்தைப் பின்பற்றவில்லை என்பது என் அபிப்பிராயம். பெயரைக் கண்டவுடன் அதைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லிவிடுவது எங்கள் பக்கத்தில் தமிழ் படித்தவர் அனைவருக்கும் உள்ள கைப்பழக்கம்.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆரணியைவிட நல்ல இடம் கிடையாது. பட்டுக்குப் பேர்போன இவ்வூரைச் சுற்றி முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு, முனுகப்பட்டு, சற்று எட்டத்தில் சேத்துப்பட்டு என்று எத்தனை ஊர்கள் பட்டு என்று முடிகின்றன! பாவு ஓடும் தெருவில் பிறந்து, கோர்வைச் சேலையின் கரையைப் பார்த்தே நெய்த வீட்டைச் சொல்லிவிடும் எங்கள் பெரியவர்களுக்கு அவை பட்டுத் தொழிலால் பெயர்பெற்றவை என்பதில் சந்தேகமே கிடையாது. இன்ன ஊரில் முள்ளிப்பூ நிறத்தில் பட்டு நெய்தார்கள் என்று என் பெரியப்பா நிச்சயமாகச் சொல்லுவார். ஆனால் இந்த முடிவு தறியின் ஓசையே கேட்டறியாத புன்செய்க் கிராமங்களிலும், செங்கற்பட்டு வரையிலும் விழுப்புரம் வரையிலும், பரவிக் கிடக்கிறது. சாசனங்களில் பற்று என்று ஒரு சொல் வரும். ஒருவருக்கோ ஒரு கோயிலுக்கோ உரிமைப்பட்ட நிலப்பகுதிக்கும், வரி தண்டும் பிரிவுக்கும் அது பெயர். செங்கழுநீர்ப்பற்று செங்கற்பட்டாயிற்று என்று அறிஞர் காட்டுவது இந்த வழியில்தான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. காற்று காத்தாகவும் நேற்று நேத்தாகவும் ஆகும் தமிழ் நாவில் பற்று என்பது பத்து என்றல்லவா ஆகவேண்டும், பட்டு என்று எப்படி ஆயிற்று என்று ஒரு வித்துவான் என்னை மடக்கினார். தமிழில் பற்று என்பதற்கு இனமான தெலுங்குச் சொல் பட்டு. விஜயநகர காலந்தொட்டு இந்தத் தொண்டைமண்டலத்தின் வடபகுதியில் வரிக்கணக்குத் தெலுங்கறிந்தோர் கையில் நெடுநாள் இருந்தது. பேச்சில் எப்படியிருந்தாலும் ஏட்டில் அவர்கள் எழுதிய வடிவம் நிலைத்திருக்கலாம் என்பது நான் அவருக்குச் சொன்ன சமாதானம். அவர் முழுதும் ஒப்பவில்லை. பெரியப்பாவோ அடியோடு ஒப்பவில்லை. ஆரணிக்குப் பக்கத்தில் நெசல் என்றே ஓர் ஊர் இருக்கும்போது நீ எதற்குத் தெலுங்கு தேசத்துக்குப் போகிறாய் என்று அவர் கேட்டபோது, நெசவுக்கும் நெசலுக்கும் உள்ள ஒலியொப்புமை மட்டும் பிரமாணமாகாது என்று சொல்லும் துணிவு எனக்கு அவர் முன்னால் வரவில்லை. அவருக்கு நான் மரியாதை செய்தேன், நோட்டில் அதை எழுதவில்லை.

ஆரணி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆறு அணியாக அமைந்த ஊர் என்பார் ஒரு சாரார். கமண்டல நதியும் நாக நதியும் கூடிக் கமண்டல நாகநதியாக ஊரை ஒட்டிப் போவதைச் சாட்சியாகக் காட்டுவர். ஆர் என்ற ஆத்திமரத்தைக் கொண்டு பிரிப்பர் மற்றொரு சாரார். ஆரண்யம் ஆரணியாயிற்று என்பது வடமொழி கற்றோர் கட்சி. ஆரணி என்பது தேவிக்கு ஒரு திருநாமம், படவேட்டு ரேணுகை எல்லைக்குள் இருக்கும் ஊருக்கு அது பொருந்தாதா என்பது பக்தர் கட்சி. நான்கும் கேட்க இனிமையானவை. நான்கையும் ஒரே பிரசங்கத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சொல்லிலக்கணம் இவற்றுள் எதற்கும் சலுகை காட்டுவதில்லை. ஆறு என்ற சொல் மற்றொரு சொல்லோடு சேரும்போது ஆற்றுப்படுகை, ஆற்றங்கரை என்று ஒற்று இரட்டித்தே வருவது தமிழியல்பு. ஆற்றூர்தான் பேச்சில் ஆத்தூராயிற்று. எனவே ஆறும் அணியும் சேர்ந்தால் ஆற்றணி, பேச்சில் ஆத்தணி, என்றல்லவா நிற்கவேண்டும்? ஆரண்யம் நம் மொழியில் ஆரணியம் என்று வருவதைக் கம்பராமாயணத்துக் காண்டப் பெயரில் எல்லோரும் அறிவோம். அதன் வால் அறுந்து ஆரணி ஆயிற்று என்பதற்கு ஒத்த உதாரணம் வேண்டும். ஆர் என்பதற்கு மட்டும் ஒரு துணை உண்டு. அண்டை ஊரான ஆற்காட்டை ஆர்க்காடு என்று எழுதி ஆத்திவனம் என்று கொள்வது சேதுப்பிள்ளை போன்றோர் வழி. அதையே ஆறு காடு என்று பிரித்து, ஆறு முனிவர்கள் தவம் செய்த ஆறு வனங்கள் என்று ஷடாரண்யமாக்கியது ஸ்தலபுராண வழி. இடையின ரகரம் எழுதினால் மரம், வல்லின றகரம் எழுதினால் முனிவர். ஓர் எழுத்தில் ஒரு சித்தாந்தமே அடங்கிவிடுகிறது. சோழருக்குரிய கண்ணி ஆத்தி என்பதனால் மரக்கட்சியாருக்கு அதில் அரசப்பெருமையும் கூடிவருகிறது.

இன்னொன்றையும் இங்கே சிந்திக்கவேண்டும். திருவள்ளூர்ப் பக்கத்தில் மற்றோர் ஆரணி இருக்கிறது. அதையொட்டி ஓடிப் பழவேற்காட்டருகே கடலில் கலக்கும் ஆற்றுக்கு ஆரணியாறு என்றே பெயர். எங்கள் ஊருக்குச் சொல்லும் காரணம் அந்த ஊருக்கும் ஒத்துவரவேண்டாமா? இரண்டும் ஆற்றங்கரை ஊர்கள் என்பது முதற்கட்சிக்கு உயிர் கொடுக்கிறது. ஆரணியாறு என்பதை ஆரணிய ஆறு என்று பிரித்தால் மூன்றாம் கட்சி தலைதூக்குகிறது. தன் ஊரை மட்டும் வைத்துக்கொண்டு தன் ஊர்ப்பெயருக்குப் பொருள் காண முயல்பவன், ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பெழுதுபவனாவான். நான் ஆத்திமரத்தின் பக்கம் சாய்ந்தவன். ஆற்காட்டின் அண்மைதான் அதற்கு முக்கிய காரணம்.

ஏட்டு வடிவம் கிடைக்காதபோது நாவைக் கேட்கவேண்டும். அதற்கு ஓர் உபாயம் உண்டு. ஊர்ப்பெயரை எழுவாயாகச் சொல்லும்போது மறைந்துபோகும் பழைய ஒலி, அந்த ஊருக்கு, அந்த ஊரிலே என்று வேற்றுமை ஏற்கும்போது வெளிப்பட்டுவிடும். படவேடு என்பதைப் பாருங்கள். சம்புவராயர் தலைநகராய் இருந்து, பதினான்காம் நூற்றாண்டில் குமார கம்பணன் படையெடுப்புக்கு இலக்காகி, அவன் தேவி கங்காதேவி இயற்றிய மதுராவிஜயத்திலும் இடம்பெற்ற நகரம் அது. படைவீடு என்பதே அதன் பெயர் என்று சாசனம் அறியாதவரும், ‘படவேட்டுக்குப் போனேன்’ என்று எங்கள் ஆயாமார் சொல்வதைக் காதால் கேட்டால் ‘வீட்டுக்கு’ என்பதன் எதிரொலியை உணரலாம். இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு ஆரணியை அடுத்த இரும்பேட்டுக்குப் போனால், இரும்பினால் ஏடு செய்து சாசனம் எழுதிய ஊர் என்று ஒரு கதை வரவேற்கும். கோயம்பேடு முதலாகத் தொண்டைநாட்டில் பேடு என்று முடியும் ஊர்கள் பல இருக்க, பெருமையைக் குறிக்கும் இரும் என்ற அடையோடு அதையும் ஒரு பேடாகக் கொள்வதே எனக்கு நேரானதாகப் படுகிறது. களம்பூரிலும் இப்படித்தான்: ஊரெங்கும் அரிசி ஆலைகள் இருப்பதால் நெற்களத்தை நினைக்கிறார்கள், களம் ஊரோடு சேர்ந்தால் களத்தூர் ஆகும் என்பதைத் தொண்டைநாட்டுக் களத்தூர்க் கோட்டமே காட்டி நிற்கிறது.

பெயர் கேட்கும் முறையையும் சொல்லவேண்டும். நேராகப் போய் இந்த இடத்துக்கு என்ன பெயர், ஏன் அப்பெயர் வந்தது என்று கேட்டால் சரக்கு வராது. கதைதான் வரும், அதுவும் கேட்பவன் முகத்தைப் பார்த்து அப்போது கட்டிய கதை. ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் பட்டிக்காட்டு வக்கீலைப் போல நான் ஏரியின் பெயரை விசாரித்தபோது, “ஏம்பா, நீ ஆபீசு ஆளா? ஏரிக்குப் பேரு இன்னாத்துக்கு? ஏரின்னா ஏரிதான்” என்று அவர் முடித்துவிட்டார். சற்றுநேரம் வெயிலைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிவிட்டு, “அதோ அந்தக் கழனிக்குத் தண்ணி எப்படிப் பாயுது ஆயா?” என்று கேட்டதும், எந்த மதகிலிருந்து எந்தக் கால்வாய் பிரிந்து யார் கொல்லையைச் சுற்றி எங்கே விழுகிறது என்பதை, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பெயராக, மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனார். தண்ணீர் போகும் வழியைக் கேட்டால் பெயர்கள் தாமாக வரும். ஆண்களைக் காட்டிலும் பெண்களிடமும், மணியக்காரரைக் காட்டிலும் நீர்ப்பாய்ச்சுபவரிடமும் அவை அதிகமாகக் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

கல்வெட்டுப் பக்கம் நான் போனது ஹூல்ட்ஸ் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியின் மூலமாக. படவேடு, போளூர்ப் பக்கத்துத் திருமலை, வேலூரைச் சுற்றிய சிற்றூர்கள் முதலியவை அந்த முதல் தொகுதியிலேயே இடம்பெற்றிருப்பது எங்கள் பிரதேசத்தின் பாக்கியம். திருமலைப் பாறையில் முதலாம் இராஜேந்திரனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1025-இல், வெட்டப்பட்ட சாசனம், கங்கை வரை சென்ற அவன் வெற்றிகளை அடுக்கிவிட்டு, சாமுண்டப்பை என்ற வணிகர் மனைவி ஜினாலயத்துக்குச் செய்த தருமத்தைச் சொல்லுகிறது. சரித்திரக்காரர்கள் அதில் வங்காளத்தையும் ஒட்டரதேசத்தையும் தேடுவார்கள். நான் தேடியது மலையடி ஊரின் பெயரை. வைகாவூர் என்கிறது கல். நான் விசாரித்தவர்களில் ஒருவரும் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. மலையின் புனிதம் ஊர்ப்பெயரை விழுங்கிவிட்டது.

பெயர் விழுங்கப்படாமல் மெல்ல மெல்ல உருமாறுவதற்குச் செய்யாற்றங்கரைத் திருவோத்தூரைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஓத்து என்றால் வேதம். சம்பந்தர் ஆண்பனையைப் பெண்பனையாக்கிய தலம். ஓத்து என்ற சொல் வழக்கொழிந்தவுடன் திருவோத்தூர் திருவத்தூராயிற்று. ஊர் என்பது போதாதென்று புரம் சேர்ந்து திருவத்திபுரமாயிற்று. நகராட்சிக்கு அதுவே பெயராய் நிலைத்துவிட்டது. இப்போது அங்கே போய் அத்திமரத்தைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். சொல்லின் பொருள் மறந்ததும் அருகிலிருக்கும் தெரிந்த சொல்லுக்கு நாவு தாவிவிடும் என்பதே இந்தக் கலையில் நான் கண்ட பெரிய விதி. அப்பைய தீட்சிதர் பிறந்த அக்ரகாரத்தையும் நூல்கள் அடையபலம் என்றும் அரசாங்கப் பதிவுகள் அடையபுலம் என்றும் எழுதுகின்றன. அங்கே காளகண்டேசுவரர் கோயிலில், வேலூர்ச் சின்னபொம்ம நாயக்கர் தீட்சிதரைப் பொன்னால் அபிஷேகித்ததைக் கூறும் 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தால், பேருந்தின் பலகை ஒன்று சொல்லும், பஞ்சாயத்துப் பலகை வேறொன்று சொல்லும்.

ஐதிகங்களை நான் இகழ்வதாக யாரும் எண்ணவேண்டாம். காஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குச் சென்ற அம்பிகை வாழைப்பந்தலில் தங்கிச் சிவபூசைக்குத் தண்ணீர் வேண்டியபொழுது, முருகன் வேலெறிந்து ஆறு உண்டாக்கினான், சேயால் வந்ததாகையால் சேயாறு என்ற கதை எங்கள் பக்கத்தில் குழந்தைகளும் அறிந்தது. மலைபடுகடாத்திலேயே சேயாறு என்று அந்நதி பேசப்படுகிறது; செம்மையைக் குறிக்கும் சே என்ற சொல்லால் செந்நிறப் பெருக்கைச் சொன்னார்களோ என்று கருத இடமிருக்கிறது. பின்னால் வந்த வடமொழிவாணர் அதைப் பாகுநதி என்று மொழிபெயர்த்தார்கள். பாகு என்றால் கை, தெலுங்கில் கைக்குச் செய்யி. ஒரே ஆறு, தமிழனுக்குக் குழந்தையாகவும் நிறமாகவும், தெலுங்கு அறிந்த பண்டிதருக்குக் கையாகவும் தோன்றியிருக்கிறது. இவற்றுள் பெயரின் பிறப்பை உணர்த்துவது ஒன்றாகத்தான் இருக்கமுடியும். ஆனால் அப்பெயரைப் பற்றி எந்தக் காலத்தில் யார் என்ன நினைத்தார்கள் என்பதும் சரித்திரமேயாகையால், என் நோட்டில் கதைக்கு ஒரு பத்தியும் ஆதாரத்துக்கு ஒரு பத்தியும் தனித்தனியே விட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தெழுதுவதைத்தான் மன்னிக்கமாட்டேன்.

பிற்காலப் பெயர்களுக்கு இத்தனை தொல்லை இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் மராட்டியப் படையோடு தெற்கே வந்த வேதாஜி பாஸ்கர பந்தர் பெற்ற ஆரணி ஜாகீர் அவர் வம்சத்தாரிடம் நெடுங்காலம் இருந்தது, அவர்கள் மாத்வர்கள். உத்தராதி மடத்து ஆசாரியரான சத்தியவிஜய தீர்த்தரின் பிருந்தாவனம் அமைந்த இடம் சத்தியவிஜயநகரம் ஆயிற்று. அதைக் கணக்கெழுதுவோர் எஸ்.வி.நகரம் என்று சுருக்கினர். இன்று பத்திரம் எழுத வரும் இளைஞர்கள் அதை ஸ்ரீ வெங்கடேசுவரா நகர் என்று விரிக்கிறார்கள். முந்நூறாண்டுகூட நிறையாத, பிருந்தாவனம் கண்ணெதிரே நிற்கிற ஒரு பெயருக்கே இக்கதி நேருமானால், ஆயிரம் ஆண்டுப் பெயர்களைப் பற்றி அலட்சியமாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். முள்ளண்டிரத்தில் விஜயநகரப் பேரரசர் காலத்து டிண்டிமகவிகள் பரம்பரையாக வாழ்ந்தார்கள்; டிண்டிமம் என்ற பறையை முழக்கிச் செல்லும் விருது பெற்ற அந்தப் புலவர்களின் பெயர் அவ்வூரில் ஒட்டவில்லை, பெயரறியாத யாரோ ஒரு புலவர் மட்டும் புலவன்பாடியில் நிலைத்துவிட்டார்.

ஊருக்குள் சைதாப்பேட்டையும் கொசப்பாளையமும் எளியவை. கொசவர் என்பது குயவரை இப்பக்கத்தார் சொல்லும் முறை. மண்பாண்டம் வனைந்தோர் பாளையம் அது. தெருக்களிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் சாதிப்பெயர்களை நீக்குவதற்கு 2025 அக்டோபரில் தமிழ்நாட்டரசு வழிமுறை வகுத்திருக்கிறது. இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரை அங்கே வாழ்கிறவன் தாங்கிக்கொண்டிருக்கவேண்டும் என்று ஆராய்ச்சிக்காரன் கேட்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. மாற்றும்போது பழம்பெயர் இன்னது, இன்ன தேதியில் மாற்றப்பட்டது என்று ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தால் எனக்குப் போதும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் விவகாரத்தில் நான் அதிகம் தலையிட்டதில்லை. 1751-இல் கிளைவு இங்கே நடத்திய சண்டையைப் பற்றி எழுதிய வெள்ளையர் ஆர்னி என்று எழுத, களம்பூரில் அமைந்த ரயில் நிலையமும் ஆர்னி ரோடு ஆயிற்று. 2020 ஜூனில் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழொலிக்கு நெருக்கமாக மாற்றி ஆணையிட்டது. வேலூரை வீலூர் என்று படிக்கும்படியான எழுத்துக்கூட்டல்களைக் கண்டு பலரும் முறையிட, சில நாட்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. பட்டணத்தில் பெரிய சர்ச்சை. ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தா இரட்டை எழுத்தா என்பதனால் ஓர் ஊரின் பெயர் சாவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

சாகிற பெயர்கள் வேறே. 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரை அதிகாரம் நீங்கியது நல்லதே. ஆனால் கழனிக்குக் கழனி பெயர் தெரிந்திருந்த மூளைகளும் அத்துடன் உத்தியோகத்தைவிட்டு விலகின. அவர்களுக்குப் பின் வந்தோர் இடமாறுதலுக்குட்பட்டவர்கள். புல எண்ணே அவர்களுக்குப் பெயர். பிறகு கணினி வந்தது. சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, நாற்புறமும் இன்னின்ன மனை எண் என்றால் முடிந்தது. ஏரிக்கரைக் கொல்லைகள் மனைகளாகி, வளைவு கட்டி, மனைக்காரர் தாயார் பெயரிலோ குலதெய்வத்தின் பெயரிலோ நகர் என்று பலகை நட்டவுடன், அதுவரை அங்கே இருந்த ஏழெட்டுப் பெயர்கள் ஒரே நாளில் அகன்றுவிடுகின்றன. ஊர்ப்பெயரை மாற்றினால் ஊர்வலம் போகிறவர்கள், ஒரு மதகின் பெயர் போனதை அறிவதுமில்லை.

ஆகவே பத்திரம் எழுதும் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்டு வரும்போது ஒன்று சொல்லுவேன். சர்வே எண்ணை எழுதுங்கள், மனை எண்ணை எழுதுங்கள், பிறகு ‘இதற்கு வழக்கில் இன்ன கழனி என்று பெயர்’ என்று ஒரு வரி சேருங்கள். அதற்கு முத்திரைக் கட்டணம் கூடுவதில்லை, பதிவாளரும் ஆட்சேபிக்கமாட்டார். சிலர் எழுதுகிறார்கள். விற்பவருக்கே அந்தப் பெயர் தெரியவில்லையே என்று சிலர் திரும்பி வந்து சொல்லுகிறார்கள். அப்பொழுது, விற்பவரின் தாயாரைக் கேட்டுவரும்படி அனுப்புகிறேன்.